டேனிஷ் ரெமிங்டன் 1867: ஐந்து பள்ளத்தை எண்ணாமல் விட்ட கதை

பழைய டேனிஷ் படைத்துவக்கு (துப்பாக்கி) ஒன்றின் விளம்பரத்தில் ஒரே வரிதான் இருந்தது: "ரெமிங்டன் 1867, சுடுமா தெரியாது." தெரியாததைத் தெரியாது என்று சொல்லி விற்கிறவரிடம் நம்பி வாங்கலாம் என்பது என் கணக்கு. "அருமையான நிலை" என்று எழுதியவர்களிடம் இரண்டு தரம் ஏமாந்திருக்கிறேன். துவக்குச் சுடும் சங்கத்துக் கடிதம், காவல்துறை அனுமதி எல்லாம் கைக்கு வரப் பத்துக் கிழமை ஆனது. பிறகு ஒரு சனிக்கிழமை போய், 4,500 குரோனர் கொடுத்து, பழைய போர்வையில் சுற்றி, டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஹெர்னிங்குக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

மனைவி போர்வையை விலக்கிப் பார்த்தா. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீங்கள் என்னெண்டால் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வாறியள்." இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. துவக்கு இரும்புப் பெட்டிக்குள் போனது, நான் தேத்தண்ணி போடப் போனேன்.

இந்த ஆசை பிடித்தது லுண்ட்பியில். எங்கள் இடத்திலிருந்து வடக்கே ஒன்றரை மணிநேரம் கார் ஓடினால், ஓல்போருக்குத் தெற்கே வயல்வெளி நடுவே இருக்கும் சின்ன ஊர். 1864 ஜூலை 3 அன்று ஒரு டேனிஷ் படைக் கொம்பனி அங்கே, துவக்கு முனையில் கத்தியைப் பொருத்திக்கொண்டு, திறந்த வயலில் நெருக்கமாக அணிவகுத்து ஓடியது. எதிரே மண்வரம்புக்குப் பின்னால், டென்மார்க்கோடு போரிட்ட ஜேர்மன் அரசான பிரஷ்யாவின் படையினர். டேனிஷ்காரர் கையில் வாய்வழியாக நிரப்பும் துவக்கு. ஒரு வெடி வைத்தால், நின்று, மருந்து கொட்டி, குண்டு இடித்துத்தான் அடுத்தது. பிரஷ்யர் கையில் டிரைசே ஊசித் துவக்கு. படுத்தபடியே பின்பக்கமாக நிரப்பலாம். சண்டை முடிந்தபோது டேனிஷ்காரரில் 32 பேர் செத்துக் கிடந்தார்கள். பிரஷ்யரில் மூன்று பேருக்குக் காயம்.

அந்தப் போரில் டென்மார்க் அரசரின் கையிலிருந்து ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லாவன்பூர்க் என்ற மூன்று பிரதேசங்களும் போயின. மூன்று வருடம் கழித்து, 1867இல், டென்மார்க் பின்பக்கம் நிரப்பும் ரெமிங்டனைத் தன் படைக்கு எடுத்தது. முதலில் நியூயோர்க் மாநிலத்து இலியனில் இருந்த ரெமிங்டன் தொழிற்சாலையிடம் வாங்கினார்கள், பிறகு கோபன்ஹேகன் படைக்கலச் சாலையிலேயே செய்தார்கள். சுவீடனும் நோர்வேயும் அதே வருடம் அதே பூட்டை (குழலின் பின்வாயை மூடிச் சுடும் பொறியை) எடுத்தன, ஆனால் அவர்களுடைய குழல் 12.17 மி.மீ. என்னுடையது கோபன்ஹேகனில் 1878இல் செய்தது. கட்டையில் பதித்த பித்தளை வில்லையில் படைப்பிரிவு இலக்கம் தேய்ந்துபோய் இருக்கிறது.

பிரித்தல்

ரெமிங்டன் பூட்டைப் பார்த்தால் இவ்வளவுதானா என்று இருக்கும். இரும்புப் பெட்டிக்குள் இரண்டு தடித்த அச்சாணி. முன் ஆணியில் பின்கதவு சுழலும், பின் ஆணியில் குதிரை (ஊசியை அடிக்கும் சுத்தியல்) சுழலும். குதிரையைப் பெருவிரலால் இழுத்து நிறுத்து, கதவின் காதைப் பிடித்துப் பின்னால் உருட்டு, தோட்டாவை வை, கதவை மூடு, சுடு. லியோனார்ட் கைகர் தொடக்கிவைத்து ஜோசப் ரைடர் சீராக்கிய வேலை இது. இதன் சூட்சுமம் பூட்டும் நேரத்தில் இருக்கிறது. குதிரை விழும்போது அதன் உருண்ட தோள் கதவின் அடிக்குள் புகுந்து முட்டுக்கொடுக்கும். மருந்து வெடித்துக் கோது (தோட்டாவின் உலோக உறை) பின்னால் தள்ளத் தள்ள, கதவு குதிரையின் மேல் அழுந்தி இன்னும் இறுகும். சுடும் கணத்தில்தான் அது முழுப்பூட்டு. நான் பத்தொன்பது வருடமாக லேத்தில் நிற்கிறவன். இவ்வளவு குறைவான உறுப்புகளால் இவ்வளவு வேலை வாங்கிய வேறொரு பொருளை நான் கழற்றியதில்லை.

இரண்டு அச்சாணியும் வெளியே வராமல் இடப்பக்கம் ஒரு சின்னத் தகடு பிடித்திருக்கும், அந்தத் தகட்டை ஒரு திருகாணி. இந்த ஒரு திருகாணியில்தான் பழைய ரெமிங்டன்கள் பாழாகின்றன. கடையில் வாங்கும் திருப்புளியின் முனை ஆப்புப்போல் சரிந்திருக்கும், பள்ளத்தின் மேல்விளிம்பை மட்டும் பிடித்து அதைக் கிழித்துவிடும். நான் ஒரு பழைய திருப்புளியின் இரண்டு பக்கத்தையும் கல்லில் சமாந்தரமாக உரசி, பள்ளத்துக்குள் இறுக்கமாக இறங்கும்படி எடுத்தேன். மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறவிட்டு, நாலாம் நாள் ஒரு தட்டுத் தட்டித் திருப்பினேன், "டிக்" என்று விட்டது. அந்தச் சத்தத்துக்காகவே மூன்று நாள் காத்திருக்கலாம்.

உள்ளே தார்போல் இறுகிய கொழுப்பு. வில் (ஸ்பிரிங்) நல்லது. அச்சாணித் துளைகளில் ஆட்டம் குறைவு. மோசமானது ஒன்றே ஒன்று: கதவுக்குள் இருக்கவேண்டிய, தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் குத்தூசி இல்லை, யாரோ ஒரு இரும்பாணியை அரம் போட்டுச் செருகியிருந்தார்கள். முனை தட்டையாகக் கன்னம் பிதுங்கி இருந்தது.

குத்தூசிக்கு ஒரு வரலாறு உண்டு. முதலில் இந்தத் துவக்குக்கு விளிம்படித் தோட்டா. செம்புக் கோதின் விளிம்பு மடிப்புக்குள் வெடிப்பசை இருக்கும், ஊசி விளிம்பில் அடிக்கும். அந்தக் கோதை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். 1889இல் புது கிராக்-யோர்கென்சன் துவக்கு வந்த பிறகு, பழைய ரெமிங்டன்களை எறியாமல், 1896இல் நடுவில் அடிக்கும்படி மாற்றினார்கள். தோட்டாவும் நீண்டது: 11.7 × 51 மி.மீ. என் கைக்கு வந்தது அப்படி மாற்றியது. இது எனக்கு அதிர்ஷ்டம். விளிம்படித் தோட்டாவை வீட்டில் செய்ய முடியாது, நடுவடித் தோட்டாவைச் செய்யலாம்.

புது ஊசியைச் சில்வர் ஸ்டீல் என்னும் கருவி எஃகுக் கம்பியில் கடைந்தேன். முனை 2 மி.மீ., அரைக்கோளமாக உருட்டி எண்ணெய்க்கல்லில் மினுக்கியது. கூர் விட்டால் பிரைமரை (கோதின் அடியில் இருக்கும் வெடிப்பொட்டை) குத்திக் கிழித்துவிடும். கதவு முகத்துக்கு வெளியே 1.3 மி.மீ. நீட்டும்படி அளவு வைத்தேன். பழைய ஆணி 2 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. யாராவது அதை வைத்துச் சுட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க விருப்பமில்லை. என் ஊசியைப் பின்னிழுக்க வில் எதுவும் இல்லை என்பதால், கதவை அடித்து மூடக்கூடாது, விரலால் தள்ளி மூடவேண்டும். மருந்தும் குண்டும் இல்லாத, பிரைமர் மட்டும் போட்ட வெறுங்கோது பத்தைச் சுட்டுப் பார்த்தேன். பத்தும் வெடித்தது, ஒன்றும் கிழியவில்லை.

அறையின் அச்சு

இந்த அளவுத் தோட்டாவைக் கடையில் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். கோது செய்யவேண்டும் என்றால் முதலில் குழலின் பின்பக்கம் தோட்டா இருக்கும் அறையின் வடிவம் தெரியவேண்டும். அதற்கு செரோசேஃப் என்ற உலோகக் கலவை இருக்கிறது. கொதிநீருக்கும் குறைந்த சூட்டிலேயே உருகும். குழலுக்குள் சற்று முன்னே துணி அடைத்து, அறையில் ஊற்றி, இறுகியதும் தட்டி எடுக்கலாம். ஆனால் எடுத்த உடனே அளக்கக்கூடாது. முதலில் சுருங்கும், பிறகு மெல்ல விரியும். ஊற்றி ஒரு மணிநேரத்தில்தான் அறையின் சரியான அளவில் நிற்கும். அடுத்தநாள் அளந்தால் அது வேறு அளவு. நான் அலாரம் வைத்து, கதிரையில் உட்கார்ந்து காத்திருந்து அளந்தேன். அடி 13.1, வாய் 12.35, விளிம்புப் பள்ளம் 14.8, நீளம் 51 மி.மீ.

அமெரிக்க .45-70 என்ற தோட்டாவின் கோது இதற்கு மச்சான் முறை. அது எங்கும் கிடைக்கும். நீளம் 53.5, அதை 51க்கு வெட்டவேண்டும். விளிம்பு 15.4, அதை 14.7க்குக் கடையவேண்டும். லேத் இருப்பவனுக்கு ஒரு கோதுக்கு நாலு நிமிடம். அடி மட்டும் 12.8தான், அறையைவிட 0.3 மி.மீ. மெலிவு. அப்படியே சுட்டால் கோது அறையின் தரையில் படுத்து ஒரு பக்கமாக வீங்கும், பிறகு என்றைக்கும் கோணல். இதற்குச் சங்கத்துக் கிழவர் ஒருவர் சொன்ன வைத்தியம்: அடியில் விளிம்புக்கு மேலே மெல்லிய ஒட்டுநாடாவை இரண்டு சுற்றுச் சுற்று. கோது அறையின் நடுவில் நிற்கும், முதல் வெடியில் நாலா பக்கமும் சமமாக விரியும். ஒருமுறை விரிந்த கோதுக்குப் பிறகு நாடா வேண்டாம். இருபது கோது செய்தேன். இரண்டு வெட்டும்போது போனது, ஒன்று கடையும்போது கை நழுவிப் போனது. பதினேழு மிச்சம்.

நான் விட்ட பிழை

இனிக் குண்டு. குழலின் உள் அகலம் தெரிய, எண்ணெய் பூசி, சுத்த ஈய உருண்டை ஒன்றை வாய்ப்பக்கமிருந்து பித்தளைக் கம்பியால் தள்ளி மறுபக்கம் எடுத்தேன். குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளங்கள் அதில் மேடாகப் பதிந்திருந்தன. வெர்னியர் அளவியில் பிடித்தேன், 11.61. இன்னொரு பக்கம் திருப்பிப் பிடித்தேன், 11.62. .45-70க்கான ஈயக்குண்டு 11.63 அளவில் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். கடவுள் கண் திறந்தார் என்று நூறு வாங்கினேன். கடினக் கலவை, பளபளவென்று.

முதல் நாள், 50 மீட்டர், பத்து வெடி. பழைய ரெமிங்டனின் புகைக்குள் நின்று சிரித்துக்கொண்டே சுட்டேன். போய்ப் பார்த்தால் இலக்குத் தாளில் எட்டு ஓட்டை, அதில் நாலு ஓட்டை வட்டமாகவே இல்லை. சாவித்துவாரம்போல நீளம். குண்டு முகத்தால் போகாமல் பக்கவாட்டில் புரண்டு போயிருக்கிறது. மிச்ச இரண்டு எங்கே போனதோ, மண்மேட்டுக்குத்தான் தெரியும்.

மருந்தைக் குற்றம் சொன்னேன், அளவைக் கூட்டிக் குறைத்தேன். குண்டில் பூசும் மெழுகைக் குற்றம் சொன்னேன், தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலக்கும் விகிதத்தை மாற்றினேன். குழல் வாய் தேய்ந்துவிட்டதோ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்று சனிக்கிழமை இப்படியே போனது, சாவித்துவாரம் குறையவில்லை.

நாலாவது சனி அதே கிழவர் என் பக்கத்து மேசையில் நின்று தாளைப் பார்த்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டார்: "உன் குழலில் எத்தனை பள்ளம்?"

ஐந்து.

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே முகம் சூடாகிவிட்டது. பள்ளம் ஆறு என்றால் ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே இன்னொரு பள்ளம் இருக்கும், வெர்னியரில் பிடித்தால் உண்மை அளவு வரும். ஐந்து என்றால் பள்ளத்துக்கு எதிரே மேடு. நான் அளந்தது ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு பொய் இலக்கம். அது கடைக்குண்டின் அளவோடு அச்சொட்டாகப் பொருந்தியதுதான் சனியன்.

இதில் வெட்கம் என்ன என்றால், வேலைத்தலத்தில் ஐந்து பல் கட்டரை (வெட்டுக்கருவியை) அளப்பதற்கென்றே 108 பாகைக் கவட்டு மைக்ரோமீட்டர் இருக்கிறது. நான் அதைக் கிழமைக்கு நாலு தரமாவது கையில் எடுக்கிறேன். வேலையில் எண்ணுகிறவன் வீட்டில் எண்ணவில்லை. திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் அந்த ஈய உருண்டையைக் கவட்டில் வைத்து அளந்தேன். 11.78.

அதாவது என் குண்டு பள்ளத்தைவிட 0.15 மி.மீ. மெலிவு. மென் ஈயமாக இருந்தாலாவது கறுப்பு மருந்தின் திடீர் அடியில் அது நசுங்கிக் கொழுத்துப் பள்ளத்தை நிரப்பியிருக்கும். நான் வாங்கியதோ கடினக் கலவை. மேட்டில் மட்டும் உரசி, பள்ளத்தில் வாயு முந்திக்கொண்டு போக, சுழற்சி பிடிக்காமல் புரண்டிருக்கிறது. அந்த நூறில் மிஞ்சியதை உருக்கிவிட்டேன்.

இரண்டாம் ஆட்டம்

11.80 அளவில், ஏறக்குறைய 25 கிராம் குண்டு வார்க்கும் அச்சு ஒன்றைச் சொல்லிச் செய்வித்தேன். ஈயம் முப்பது பங்குக்கு வெள்ளீயம் ஒரு பங்கு. நகத்தால் கீறினால் கோடு விழும். முதல் முப்பது குண்டும் சுருக்கம் விழுந்து கழிவு, அச்சு சூடேறாததால். பிறகு நல்லதாக விழத் தொடங்கியது. கராஜ் கதவைத் திறந்துவைத்து, முகத்துக்குக் கவசம் போட்டுச் செய்கிற வேலை இது. ஒரு துளி வியர்வை உருகிய ஈயத்தில் விழுந்தால் அது வெடித்துச் சிதறும்.

மருந்து சுவிஸ் கறுப்பு மருந்து. என் கோதுக்கு 3.8 கிராம், அறுபது சென்ரிமீட்டர் நீளப் பித்தளைக் குழாய் வழியாக மெல்லக் கொட்டினால் நெருங்கி அமரும். மேலே மெல்லிய அட்டை வில்லை, அதன்மேல் குண்டு, மருந்தைக் கொஞ்சம் அழுத்தியபடி. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் விடவே கூடாது. அது குழலை வீங்கவைக்கும். இந்த அளவு என் துவக்கின் என் கோதுக்கு மட்டும். புகையில்லா மருந்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்தக் காலத்து இரும்பு கறுப்பு மருந்தின் அழுத்தத்துக்குச் செய்தது.

50 மீட்டரில் பத்து வெடி, பத்தும் வட்டம். அன்று தாளைக் கழற்றிக் காரில் வைத்துக்கொண்டேன், இன்னும் காரில்தான் இருக்கிறது. வேகமானியில் சராசரி நொடிக்கு 378 மீட்டர்.

100 மீட்டரில் முதல் ஐந்து ஓர் உள்ளங்கைக்குள், அடுத்த ஐந்து சிதறல். கறுப்பு மருந்து குழலுக்குள் கரியை விட்டுப்போகும். காய்ந்தால் அது கல்போல, ஈரமாக இருந்தால் களிபோல. ஆகவே வெடிக்கு வெடி ஊதவேண்டும். ஒரு வெற்றுக்கோதின் அடியைத் துளைத்து ரப்பர் குழாய் செருகி, அறையில் வைத்து, குழாயின் வெளிமுனையில் வாய் வைத்து ஏழெட்டு நீண்ட மூச்சு. பக்கத்தில் நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும். மழைநாளில் நாலு மூச்சுப் போதும், எங்கள் யூட்லாந்துப் பகுதியில் மழைநாளுக்கா பஞ்சம். ஊதத் தொடங்கிய பிறகு 100 மீட்டரில் ஐந்து வெடி 12 சென்ரிமீட்டருக்குள். என் கண்ணுக்கும் அந்த அரிசிமணி அளவுக் குறிமுனைக்கும் அதற்குமேல் கேட்பது அநியாயம்.

எல்லாம் இலக்குக்கு 35 சென்ரிமீட்டர் மேலே விழுகிறது. படைத்துவக்கின் குறி தூரத்துக்கு வைத்தது, 100 மீட்டர் அதற்குக் காலடி. குறிமுனையை உயர்த்திப் புதிதாக ஒன்று பற்றவைக்கலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். 1878இல் வைத்த முனையை நான் தொடமாட்டேன். தாளில் கறுப்பு வட்டத்துக்குக் கீழே வெள்ளை வில்லை ஒன்று ஒட்டி, அதைக் குறிபார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கொதிநீர். குழலின் வாயில் புனல் வைத்து இரண்டு கேத்தில் கொதிநீர் ஊற்றினால் கரி கரைந்து ஓடும், இரும்பு தானே சூடேறிக் காயும், பிறகு எண்ணெய்த் துணி. கரியை இரவு முழுக்க விட்டால் காலையில் செந்துரு நிற்கும். பயிற்சிக்குப் போன நாளில் முதல் கேத்தில் தேத்தண்ணிக்கா துவக்குக்கா என்று வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது.

இழுப்பான் இன்னும் சொல்வழி கேட்கவில்லை. கோதை ஒரு விரற்கடை மட்டும் வெளியே தள்ளிவிட்டு நின்றுவிடுகிறது, மிச்சம் நகத்தால் இழுக்கவேண்டும். கரி ஏறிய பிறகு இரண்டு தரம் மரக்கம்பியை வாய்ப்பக்கம் விட்டுத் தட்டித்தான் எடுத்தேன். இழுப்பானின் பல் தேய்ந்திருக்கிறது. புதிதாகக் கடைய ஒரு துண்டு எஃகு ஒதுக்கி வைத்திருக்கிறேன். பழையது பெயர் எழுதிய உறைக்குள் போகும், அதை எறிய உரிமை எனக்கில்லை.

இதற்கிடையில் பெட்டிக்குள் இன்னொன்று வந்து நிற்கிறது. நோர்வே ரெமிங்டன், 12.17 மி.மீ., மாற்றாத விளிம்படி. .45-70 கோது அதன் அறைக்குள் விசிலடிக்கும். ஈய உருண்டையைத் தள்ளி எடுத்துவிட்டேன், பள்ளத்தை எண்ணியும்விட்டேன். ஊசி விளிம்பில் அடிக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்று கதவைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அசல் கதவில் துளை போடுவதாக இல்லை. புதிதாக ஒரு கதவு கடையவேண்டி வரும்.